வாஷிங்டனில் ஓர் ஆடிஸ் அபாபா

வாஷிங்டனுக்கு வரும் நம் ஆட்கள் வெள்ளை மாளிகை வேலிக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். லிங்கன் சிலைக்குக் கீழே படியில் உட்கார்ந்து கால் ஆற்றுகிறார்கள். விண்வெளி அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டு, ஊர் பார்த்தாயிற்று என்று பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். மெட்ரோவில் பச்சைத் தடத்தைப் பிடித்து நாலைந்து நிறுத்தம் தள்ளி யூ தெருவில் இறங்கி, ஒன்பதாம் தெருப் பக்கம் திரும்பி நடந்து பாருங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கத் தோன்றும். கடைப் பலகைகளில் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எழுத்து. வாசலில் வறுபடும் காபிக் கொட்டையின் புகை. உள்ளே ஒற்றைத் தந்தி மசின்கோவை வில்லால் இழுத்துக்கொண்டே, வந்திருப்பவர்களைப் பற்றி அந்தக் கணத்திலேயே வரி கட்டிப் பாடும் பாடகர். இவ்வளவும் அமெரிக்கத் தலைநகரின் நடுவிலேயே இருக்கிறது.

1974இல் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியை ராணுவம் கவிழ்த்தது. அதன் பின் வந்த டெர்க் என்ற ராணுவ ஆட்சியின் கொலைகளுக்கும் சிறைகளுக்கும் தப்பியவர்களில் பலர் இங்கே வந்தார்கள். 1980இன் அமெரிக்க அகதிகள் சட்டம் வழியைக் கொஞ்சம் அகலமாக்கியது. முதலில் ஆடம்ஸ் மோர்கன் பகுதியில் உணவகங்கள் முளைத்தன. அங்கே வாடகை ஏறியதும் இந்த யூ தெருவை ஒட்டிய ஷா பகுதிக்கு நகர்ந்தார்கள்; இங்கேயும் ஏறியதும் மேரிலாந்தின் சில்வர் ஸ்ப்ரிங்குக்கும் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவுக்கும் பரவினார்கள். 2004இல் வாஷிங்டன் நகரம் கொண்டுவந்த மொழிச் சட்டத்தால் அரசுப் படிவங்கள் அம்ஹாரிக் மொழியிலும் கிடைக்கின்றன. எத்தியோப்பியத் தலைநகர் ஆடிஸ் அபாபாவும் வாஷிங்டனும் 2013 முதல் சகோதர நகரங்கள். வரலாறு இருக்கட்டும். நான் மயங்கிப் போனது இந்த மக்கள் தங்கள் கலையை வைத்திருக்கும் விதத்தில்தான். அவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. புத்தகக் கடையிலும் டாக்ஸியின் டிக்கியிலும் தூதரகச் சுவரிலும் கால்பந்து மைதானத்திலும் அது புழங்கிக்கொண்டே இருக்கிறது. பார்க்கப் போகிறவரைத் தூரத்தில் நிற்க விடாமல் உள்ளே இழுத்து உட்கார வைத்துவிடுகிறது.

புத்தகக் கடையிலிருந்தே தொடங்குகிறேன். ஜார்ஜியா அவென்யூவில் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரே 'சங்கோஃபா' இருக்கிறது. 1998இல் இதைத் திறந்தவர்கள் ஹைலே கெரிமாவும் அவர் மனைவி ஷிரிகியானா ஐனாவும். இருவரும் திரைப்பட இயக்குநர்கள். கெரிமா எத்தியோப்பியாவின் கோண்டாரில் பிறந்தவர். மனைவி அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. கெரிமா கலிபோர்னியாவில் சினிமா படித்த காலத்தில் அவரோடு படித்த கறுப்பின மாணவர்கள், ஹாலிவுட் தங்களைக் காட்டிய விதத்தை மறுத்துத் தங்கள் படங்களைத் தாங்களே எடுக்கத் துணிந்தவர்கள். சினிமா வரலாற்றில் அவர்களுக்கு 'எல்.ஏ. ரெபெல்லியன்' என்றே பெயர். 1975 முதல் கெரிமா ஹோவர்டில் பாடம் நடத்தினார்.

1993இல் அவர் எடுத்த 'சங்கோஃபா' படத்தின் கதை நடுங்க வைக்கும். விளம்பரப் படப்பிடிப்புக்காகக் கானா நாட்டின் பழைய அடிமைக் கோட்டைக்கு வரும் ஒரு கறுப்பின மாடல் அழகி, காலம் புரண்டு, கரும்புத் தோட்ட அடிமையாகிவிடுகிறாள். பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் ஓடிய இந்தப் படத்தை வாங்க அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தரும் முன்வரவில்லை. கெரிமாவும் ஷிரிகியானாவும் தாங்களே தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். வாஷிங்டனின் கறுப்பினக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. படம் வாரக்கணக்கில் ஓடியது. பிறகு ஊர் ஊராக அங்குள்ள சமூகக் குழுக்கள் சேர்ந்து தியேட்டர் பிடித்துக் கொடுக்க, படம் நாடு முழுவதும் சுற்றியது. இந்தக் கடை உருவாக அந்தப் பயணமே காரணம். சினிமாக்காரர்கள் படத்தில் வந்த காசில் பங்களா கட்டியதைப் பார்த்திருக்கிறேன், புத்தகக் கடை கட்டியதை இங்கேதான் பார்த்தேன்! 2021இல் படத்தைப் புதுப்பித்து இயக்குநர் ஏவா டூவெர்னேயின் நிறுவனம் நெட்ஃபிளிக்ஸ் வழியே உலகத்துக்கே கொண்டுபோனது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் திறந்த ஆஸ்கர் அகாடமியின் அருங்காட்சியகம் தன் முதல் 'வான்டேஜ்' விருதை கெரிமாவுக்குத் தந்தது. எல்லாக் கதவும் சாத்தப்பட்டபோது தெருக்காரர்கள் தோளில் தூக்கிய படம், ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து நடுக்கூடத்துக்கு வந்து நின்றது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

கடைக்குள் போனால் வெளியே வர மனம் வராது. கூரை வரை ஆப்பிரிக்க வரலாறு, கரீபியக் கவிதை, குழந்தைகளுக்கான கறுப்பின நாயகர் கதைகள். காபி வாசனை புத்தகத் தாளோடு கலந்து அடிக்கிறது. சாண்ட்விச்சுகளுக்குக்கூடத் திரைப்பட இயக்குநர்களின் பெயர்தான். மாலையில் நாற்காலிகளை ஒதுக்கிப் போட்டு நூல் அறிமுகமோ திரையிடலோ நடக்கும். நான் போன ஒரு மாலையில், பேசிக்கொண்டிருந்த எழுத்தாளரை மடக்கிக் கேள்வி கேட்டவர் பேராசிரியர் இல்லை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும், மளிகைப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி. கூட்டம் முழுதும் அந்தப் பாட்டிக்குக் கைதட்டியது. எழுத்தாளரும் எழுந்து நின்று தட்டினார். இலக்கியக் கூட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எதிர்ச்சாரியில் இருக்கும் ஹோவர்டுதான் இந்த முழுக் கதைக்கும் தாய்வீடு. 1930களிலேயே மெலாக்கு பேயன் என்ற எத்தியோப்பியர் அங்கே மருத்துவம் படித்தார். இத்தாலி எத்தியோப்பியாவின்மேல் படையெடுத்தபோது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆதரவைத் திரட்ட ஓடியாடியவர் அவர். அவர்களுக்கு எத்தியோப்பியா வெறும் ஒரு நாடாக இருந்ததில்லை. 1896இல் அட்வா போர்க்களத்தில் ஐரோப்பியப் படையைத் தோற்கடித்த கறுப்பு மண் அது. 1808இல் நியூயார்க்கில் தேவாலயத்துக்குள் தனி இருக்கையில் ஒதுக்கப்பட்டதை ஏற்காமல் வெளியேறியவர்கள் கட்டிய சபைக்கு, எத்தியோப்பியாவின் பழைய பெயரைக் கொண்டு, 'அபிசீனியன்' என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே பின்னாளில் அகதிகளாக வந்த எத்தியோப்பியக் கலைஞர்களுக்கு இங்கே முன்பே ஒரு பந்தல் போட்டிருந்தது.

அந்தப் பந்தலுக்குள் 1970களில் வந்து சேர்ந்தவர் ஸ்கந்தர் போகோசியன். ஆடிஸ் அபாபாவில் பிறந்து, லண்டனிலும் பாரிஸிலும் ஓவியம் பயின்று, ஹோவர்டில் கால் நூற்றாண்டுக்கு மேல் கற்றுக்கொடுத்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1960களிலேயே படைப்பை வாங்கிய ஆப்பிரிக்கச் சமகால ஓவியர் அவர். வட கரோலினாவின் ராலே நகர அருங்காட்சியகத்தில் அவருடைய 1964ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. பயமும் பரவசமும் கலந்த இரவுப் பறத்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். கருநீலத்தில் இறக்கை முளைத்த உருவங்கள் மிதந்து வரும். முன்னால் நின்றால் நேரம் போவது தெரியாது. எத்தியோப்பியக் கோயில்களின் பெரிய கண்கள், மேற்கு ஆப்பிரிக்க முகமூடிகள், பாரிஸின் கனவு ஓவியங்கள் எல்லாம் ஒரே இருட்டில் கரைந்து கிடக்கும்.

ஸ்கந்தரைச் சந்திக்க ராலே வரை போகத் தேவையில்லை. வாஷிங்டனிலேயே எத்தியோப்பியத் தூதரகத்தின் சுவரில் 2001இல் அவரும் கெபெதெச் தெக்லேயாபும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸஸ்' இருக்கிறது. அலுமினியத்தில் வெட்டி எடுத்த வடிவங்கள். சிலுவையும் சுருள் ஏடும் இசைக்கருவியும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுவர் முழுக்க ஓடுகின்றன. கெபெதெச்சைப் பற்றித் தெரிந்துகொண்டு அந்தச் சுவரைப் பாருங்கள். டெர்க் ஆட்சியிலிருந்து தப்பி ஓடும்போது சோமாலியப் படையிடம் பிடிபட்டு, ஏறத்தாழ பத்தாண்டுகள் அங்கே முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். இளமை மொத்தமும் அங்கேயே போயிற்று. வெளியே வந்து அமெரிக்கா சேர்ந்து, ஹோவர்டில் ஓவியம் படித்து, கவிதையும் எழுதி, தன் ஆசிரியரோடு சரிசமமாக நின்று தன் நாட்டுத் தூதரகச் சுவரையே நிறைத்திருக்கிறார். எத்தனையோ அருங்காட்சியகம் சுற்றியிருக்கிறேன். அந்த உலோகச் சுவரைப்போல என்னை ஆட்டிப் பார்த்த படைப்பு மிகக் குறைவு.

2003இல் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம், புலம்பெயர்ந்த எத்தியோப்பியக் கலைஞர்களுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அது தொடங்கிய அதே மே மாதத்தில் ஸ்கந்தர் காலமானார். அதில் இடம்பெற்ற ஜூலி மெஹ்ரெட்டு இன்று உலகமே கொண்டாடும் ஓவியர்; ஆடிஸ் அபாபாவில் பிறந்து, 1977இல் பெற்றோரோடு மிச்சிகனுக்கு வந்த பெண். நகர வரைபடம், கட்டடக் கோடு, புயல் எல்லாம் சேர்ந்து சுழலும் அவருடைய பிரம்மாண்டத் திரைகளை எங்கே பார்த்தாலும் கிட்டப் போய் ஒரு முறை, எட்டி வந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் ஒரு தமிழ் வாசகரை நான் முதலில் கொண்டுபோய் நிறுத்துவது வோசெனே கொஸ்ரோஃப் ஓவியத்தின் முன்னால்தான். அவரும் ஹோவர்டில் படித்தவர், பின்னர் கலிபோர்னியாவில் குடியேறியவர். அம்ஹாரிக் எழுத்துகளையே உடைத்து, நீட்டி, ஆட வைத்து ஓவியமாக்குகிறார். நம் உயிர்மெய்யைப் போலவே ஃபிதெல் எனப்படும் அந்த எழுத்திலும் ஒவ்வொரு மெய்யும் உயிரோடு சேரும்போது கொம்பும் காலும் சுழியும் மாறும். ஒரு மெய்க்கு ஏழு வடிவம். அந்த மொழியில் ஒரு எழுத்துக்கூட எனக்குப் படிக்க வராது. ஆனாலும் அந்தக் கால்கள் மடங்குவதையும் கொம்புகள் சிலுப்புவதையும் என் கண் தன்பாட்டுக்குப் புரிந்துகொண்டது. க, கா, கி என்று சிலேட்டில் எழுதிப் பழகிய கண் அல்லவா!

பால்டிமோரின் வால்ட்டர்ஸ் அருங்காட்சியகம் 2023 டிசம்பரில் தொடங்கிய 'எத்தியோப்பியா அட் த கிராஸ்ரோட்ஸ்' கண்காட்சிக்கு வாஷிங்டன் வட்டாரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 220க்கும் மேற்பட்ட பொருள்கள்; சுமார் 1,750 ஆண்டுக் கலை. நாணயம், ஊர்வலச் சிலுவை, ஆட்டுத்தோலில் எழுதிய சுவடி, விசிறிபோல் விரியும் ஏடு. நெத்தலா என்ற வெள்ளைச் சால்வையைப் போர்த்திய ஒரு தாத்தா, ஒரு மரியாள் ஓவியத்தின் முன் நின்று நெற்றியிலும் தோளிலும் சிலுவைக் குறி போட்டுக் குனிந்து வணங்கினார். பக்கத்தில் நின்ற பேரன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சட்டென்று கழற்றிக்கொண்டான். காவலர் ஒரு அடி பின்னால் நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டார். அந்தக் காவலருக்கு என் வணக்கம்.

அந்தக் கண்காட்சியின் சமகாலப் பகுதியைத் தொகுத்தவர் த்செதாயே மகோனென். வாஷிங்டன் வட்டாரத்தில் எத்தியோப்பியக் குடியேறிகளுக்குப் பிறந்த கலைஞர். அவருடைய ஒளித்தூண்களைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கண்ணாடிபோல் மின்னும் பலகைகளில் எத்தியோப்பியச் சிலுவைகளின் பின்னல் வடிவங்களைக் குடைந்து, பெட்டி பெட்டியாக அடுக்கி, உள்ளிருந்து விளக்கு எரியவிடுகிறார். மத்தியதரைக் கடலைக் கடக்கும்போது மூழ்கியவர்கள், அமெரிக்காவில் வன்முறைக்குப் பலியான கறுப்பினப் பெண்கள் என்று இறந்தவர்களின் பெயர்களை அந்தப் பெட்டிகளுக்கு இட்டிருக்கிறார். ஒளி நம் சட்டையிலும் முகத்திலும் சிலுவைப் பின்னலாக விழுகிறது. மத்தியதரைக் கடலில் இறந்தவரையும் அமெரிக்கத் தெருவில் இறந்தவரையும் ஒரே விளக்கில் ஏற்றி வைக்க, இரண்டு வீட்டுக்கும் பிள்ளையான ஒருவரால்தான் முடியும்.

இனி இசை. ஹைலு மெர்கியாவின் கதை தெரியாதவர்களுக்கு அதை முதன்முதலில் சொல்வதில் எனக்கு இருக்கும் ஆனந்தமே தனி. 1970களில் ஆடிஸ் அபாபாவின் ஹில்டன் ஹோட்டலில் இரவெல்லாம் வாசித்த 'வாலியாஸ்' குழுவின் கீபோர்டுக் கலைஞர் அவர். 1977இல் வந்த அவர்களுடைய 'ட்சே பெலெவ்' இசைத்தட்டை இன்று வெறிபிடித்துத் தேடுகிறார்கள். 1981இல் குழு அமெரிக்காவுக்கு இசைப்பயணம் வந்தது. சிலர் ஊர் திரும்பினார்கள், சிலர் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களில் ஹைலு ஒருவர். 1985இல் அக்கார்டியன், சிந்தசைசர், மின் பியானோ, டிரம் மெஷின் எல்லாவற்றையும் தானே வாசித்து ஒரு கேசட் போட்டார். பிறகு மேடை அடங்கிவிட்டது. டாக்ஸி ஓட்டினார். டல்லஸ் பன்னாட்டு விமான நிலையத்தின் வரிசையில் அடுத்த சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில், டிக்கியிலிருந்து பேட்டரி கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆண்டுகள்! அவர் வண்டியில் ஏறிய அதிகாரிகள், மாணவர்கள், நம் மென்பொருள் பொறியாளர்கள், யாருக்குத் தெரிந்திருக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் எவை என்று?

எத்தியோப்பியாவின் பாஹிர் தார் நகரில் அந்தப் பழைய கேசட் ஒரு அமெரிக்க இசை ஆர்வலரின் கையில் சிக்கியது. அவர் ஹைலுவைத் தேடிப் பிடித்து, 2013இல் அதை மறுபடி வெளியிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர் மீண்டும் மேடை ஏறினார். 2018இல் 'லாலா பெலு', 2020இல் 'யெனே மிர்ச்சா' என்று புது ஆல்பங்களே வந்தன. அவர் கச்சேரியைக் கேட்டிருக்கிறேன். பாஸ் கிடார், டிரம்ஸ், இவர், மூன்றே பேர். பேச்சே இல்லை. அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முன்வரிசையில் இருந்த எத்தியோப்பியப் பெரியவர்கள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். பின்வரிசை இளசுகள் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். எனக்கோ உடம்பெல்லாம் ஒரு குலுக்கல், ஏனென்றால் அவர் எடுத்தது அச்சு அசல் மோகனம்!

இது என் கற்பனை கிடையாது. எத்தியோப்பிய இசையில் கெனெத் எனப்படும் ஐந்து சுர அமைப்புகள் நான்கு உண்டு: திஸிதா, பாத்தி, அம்பாசெல், அன்சிஹோயே. திஸிதாவின் ஒரு வடிவத்தில் வரும் சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்களேதான். பாத்தியின் ஒரு வடிவம் கம்பீர நாட்டையோடு பொருந்துகிறது. கமகமும் நடையும் வேறு. அவர்கள் சுரத்தைத் தள்ளித் தூக்கி விடும் விதம் வேறு. ஆனாலும் மோகனம் கேட்டு வளர்ந்த காது, அந்த இசைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே நடந்து போய்விடலாம். திஸிதா அவர்களுக்கு நினைவின் ஏக்கத்தைப் பாடும் இசை. அமெரிக்கப் பனியில், முப்பது நாற்பது ஆண்டாக ஊர் திரும்பாதவர்கள் நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எத்தியோ ஜாஸ் என்ற வகையே பாதி அமெரிக்காவில் பிறந்ததுதான். எத்தியோப்பியாவின் ஜிம்மாவில் 1943இல் பிறந்த முலாத்து அஸ்தாத்கே பாஸ்டனின் பெர்க்லீ இசைக்கல்லூரியில் சேர்ந்த முதல் ஆப்பிரிக்க மாணவர். 1966இல் நியூயார்க்கில், போர்ட்டோ ரிக்கோ இசைக்காரர்களோடு சேர்ந்து, எத்தியோப்பியச் சுரங்களை லத்தீன் தாளத்தில் ஊற வைத்து இசைத்தட்டு போட்டார். ஆகவே வாஷிங்டன் கிளப்பில் இன்று ஒரு எத்தியோ ஜாஸ் குழு வாசிக்கிறது என்றால், அது விருந்தாளி இசை இல்லை, திரும்பி வந்த பிள்ளை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். டெஃப் என்ற கடுகிலும் சின்னத் தானியத்தின் மாவை நாள்கணக்கில் புளிக்க வைத்து, வட்டக் கல்லில் ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுக்கும் இன்ஜெராவைப் பற்றித் தமிழருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பார்த்தவுடனே கை தானாக நீளும். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கையால் சாப்பிட வேண்டும். புதன், வெள்ளியும் நீண்ட நோன்பு நாள்களும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புலால், பால், முட்டை தொடமாட்டார்கள். அதனால் சைவக்காரர்களுக்கு மைசூர்ப் பருப்பு, கடலை மாவுக் குழம்பு, கீரை, பீட்ரூட் என்று தட்டு நிறைய ராஜ விருந்து. குர்ஷாவுக்கு மட்டும் தயாராக இருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு பெரிய கவளத்தை உருட்டி உங்கள் வாயில் ஊட்டிவிடுவார். அது அன்பு, தலையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

சாப்பிட்டவுடன் எழுந்து ஓடிவிடவும் கூடாது, காபி இருக்கிறது. தரையில் பசும்புல் பரப்பி, பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுவந்து காட்டி, இடித்து, ஜெபெனா என்ற கருமண் கூஜாவில் கொதிக்க வைத்து, உயரத்திலிருந்து கம்பியாக இறக்கி ஊற்றுவார்கள். அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று. மூன்றாவது சுற்று ஆசீர்வாதம். அதற்கு முன் கிளம்புவது முறையில்லை. சில்வர் ஸ்ப்ரிங்கில் எனக்குக் காபி ஊற்றிய அம்மாள், நான் இந்தியன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்திய வாத்தியார்தான்!" என்றார். ஹைலே செலாசி காலத்தில் இந்தியாவிலிருந்து, அதிலும் கேரளத்திலிருந்து, ஏராளமான ஆசிரியர்கள் எத்தியோப்பியப் பள்ளிகளுக்குப் போனார்கள். அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் ஒரு இந்திய வாத்தியார் கதை வரும். அந்த அம்மாள் வாய்ப்பாட்டை ஆங்கிலத்தில் ராகம் போட்டுச் சொல்லிக் காட்டினார். அந்த ராகத்தைக் கேட்டதும் எங்கள் ஊர் மூன்றாம் வகுப்பு கண்ணில் வந்து நின்றது. காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பரில் வாருங்கள். செப்டம்பர் 11 எத்தியோப்பியப் புத்தாண்டு, என்குத்தாத்தாஷ். மழைக்காலம் முடிந்து மஞ்சள் பூக்கள் மலையெல்லாம் பூக்கும் நேரம் அது. நம் கணக்கைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடும், பதின்மூன்று மாதங்கள் கொண்ட நாள்காட்டி அவர்களுடையது. அதையொட்டிய வாரக்கடைசியில் சில்வர் ஸ்ப்ரிங் சதுக்கத்துக்குப் போனால், வெள்ளைப் பருத்தியில் வண்ணக்கரை போட்ட ஹபேஷா கெமிஸ் உடுத்திய பெண்கள் கூட்டமே ஒரு ஓவியம். கெபெரோ முரசு அதிரும்போது எஸ்கிஸ்தா ஆட்டம் தொடங்கும். இடுப்பும் காலும் அசையாமல் நிற்க, தோள் மட்டும் துடிக்கும், சொடுக்கும், அலையும். ஒரு ஐந்து வயதுக் குட்டியும் அவள் பாட்டியும் எதிரெதிரே நின்று தோளாலேயே பேசிக்கொண்டதைப் பார்த்தேன். பாட்டி ஒரு சொடுக்கு, பேத்தி ஒரு சொடுக்கு. சுற்றி நின்றவர்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். குலவைச் சத்தம் கேட்டு வளர்ந்த எந்தத் தமிழச்சியும் அங்கே வாய் மூடி நிற்கமாட்டாள். என் மனைவி நிற்கவில்லை.

எத்தியோப்பியாவைத் தாண்டி மற்ற ஆப்பிரிக்கக் கலைகளுக்கும் ஆசைப்பட்டால் மற்ற நகரங்களையும் விட்டுவிடாதீர்கள். பிலடெல்பியாவில் 1975 முதல் ஜூன் மாதம் நடக்கும் ஒடுண்டே விழாவில், தெருக்காரர்கள் ஊர்வலமாக ஸ்கூல்கில் ஆற்றுக்குப் போய், யொருபா நதித் தெய்வமான ஓஷுனுக்குப் பழமும் பூவும் விடுகிறார்கள். ஆடிப்பெருக்கில் காவிரிக்குப் படைத்து வளர்ந்தவனுக்கு அந்தக் கரையில் தொண்டை அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபேர்ஃபேக்ஸ் அவென்யூவின் ஒரு துண்டுக்கு 2002இல் நகராட்சியே 'லிட்டில் எத்தியோப்பியா' என்று பெயர் வைத்தது. பிப்ரவரியில் போனால் 1992இல் நடிகர் டேனி குளோவர் முதலியோர் தொடங்கிய பான் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். நியூயார்க்கில் மஹென் பொனெட்டி என்ற சியரா லியோன் பெண்மணி 1993 முதல் நடத்தும் ஆப்பிரிக்கத் திரைப்பட விழா லிங்கன் சென்டரில் நடக்கிறது.

புரூக்ளினின் டான்ஸ் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் ஒரு பத்தி வேண்டும். 1977இல் சக் டேவிஸ் என்ற நடனக் கலைஞர் புரூக்ளின் இசைக்கழக அரங்கில் தொடங்கியது. மே மாதக் கடைசி வாரத்தில், ஆண்டுக்கொரு ஆப்பிரிக்க நாட்டையோ கலாச்சாரத்தையோ முன்வைத்து நடக்கும். மேடையிலிருந்து "அகோ!" என்று குரல் வரும், ஆயிரக்கணக்கான பேர் "அமே!" என்று திருப்பிக் கொடுப்பார்கள். வாசலில் நின்று அனுமதி கேட்பதும், உள்ளிருந்து வா என்பதுமான அகான் மரபு. மூத்தோர் குழு வெள்ளுடையில் நடந்து வந்து, அந்த ஆண்டு இறந்தவர்களை நினைந்து நீர் வார்த்த பிறகுதான் ஆட்டம். புரூக்ளின் பள்ளிப் பிள்ளைகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குழுவோடு ஒரே மேடையில் ஆடுவார்கள். முரசுகள் சேர்ந்து அடிக்கத் தொடங்கினால் இருக்கையில் ஒருவர் மிச்சமிருக்கமாட்டார். சக் டேவிஸ் 2017இல் காலமானார். அவர் கற்றுக்கொடுத்த அந்த அழைப்புக் குரல் இன்னும் அரங்கைக் கிடுகிடுக்க வைக்கிறது. வெளியே தெருவெங்கும் சந்தை: ஷியா வெண்ணெய், மெழுகச்சுத் துணி, ஜொலோஃப் சோறு.

கடைசியாக, ஜூலை 4 வாரம் எங்கே இருந்தாலும் எத்தியோப்பியர்களின் கால்பந்துத் திருவிழா அந்த ஆண்டு எந்த நகரத்தில் என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். 1984இல் தொடங்கி அட்லாண்டா, டென்வர், டெக்சாஸின் டாலஸ் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வட அமெரிக்கா முழுக்க உள்ள எத்தியோப்பியர்கள் ஊருக்கொரு அணியாக வந்து விளையாடுவார்கள். பந்து ஒரு சாக்கு என்றே சொல்வேன். மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள், ஓவியம், புத்தகம், கேசட் காலத்து ஆடியோ கடைகள், குழம்பு கொதிக்கும் அடுப்புகள்; ராத்திரியானால் நகரத்தின் மண்டபமெல்லாம் கச்சேரி. முப்பது வருடம் பார்க்காத பள்ளித் தோழர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வெள்ளிக்கிழமை 'எத்தியோப்பியா தினம்' என்று ஆட்டமும் பாட்டுமாக மைதானமே பச்சை, மஞ்சள், சிவப்பு. மதியமே போய் நல்ல நெத்தலா ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். அதை எப்படிப் போர்த்துவது என்று விற்கும் அம்மாவே கட்டிவிட்டு, கையோடு ஒரு தட்டு சாப்பாடும் நீட்டுவார். முன்வரிசை சீக்கிரம் நிரம்பிவிடும்.